ஊழியம் யாருக்கு, வேலை யாருக்கு?

லூஓ, லூஎயிஸ், லூஎய். லூஓமென், லூஎட்டே, லூஊசி.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிற அட்டையில் இருப்பது இது. கிரேக்கம் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மனப்பாடம் செய்கிற வினைச்சொல். ‘அவிழ்க்கிறேன்’ என்று பொருள். என் கணவர் இறையியல் கல்லூரியில் சேர்ந்த முதல் செமஸ்டரில் ஒட்டியது. தண்ணீர் தெறித்து மை கலைந்து, கடைசிச் சொல்லை இப்போது வாசிக்க முடியாது. எனக்கு வாசிக்கவும் வேண்டியதில்லை. அவர் ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

கல்யாணமாகி எட்டாவது மாதம் அவர் முழுநேர வேலையை விட்டுவிட்டு எம்.டிவ். சேர்ந்தார். போதகராகப் போகிறவர்கள் படிக்கிற இறையியல் பட்டப்படிப்பு அது. இரண்டு பேரும் ஜெபித்து, பேசி எடுத்த முடிவு. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு, ‘பாவம், அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்லை போல’ என்று யாரும் நினைக்கக் கூடாது. எனக்கு இஷ்டம் இருந்தது. இன்றும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். அவர் காலையில் கல்லூரி, வாரத்தில் மூன்று சாயங்காலம் கணக்கு எழுதுகிற வேலை, சனி ஞாயிறு சபையில் களப்பணி. களப்பணிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு நிமிடம் அவருக்காக ஜெபித்து அனுப்புவேன். “ஆண்டவரே, இவருடைய ஊழியத்தை ஆசீர்வதியும்” என்று. நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது “பார்த்துப் போ” என்பார். இதில் ஒரு வித்தியாசம் இருப்பதே ஒன்றரை வருடமாக எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வீடு வந்தேன். அவர் மேசையில் புத்தகங்களுக்கு நடுவே இருந்தார். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பற்றி அசைன்மென்ட், அன்றைக்குக் கடைசி நாள். தொட்டியில் முந்தைய நாள் பாத்திரம் அப்படியே கிடந்தது. “அஞ்சு நிமிஷம்மா, இந்தப் பத்தியை முடிச்சுட்டு வர்றேன்” என்றார், தலையைத் தூக்காமல். பையை வைத்துவிட்டு நானே கழுவ ஆரம்பித்தேன். எழுதி முடித்த பத்தியை அங்கிருந்தே எனக்கு வாசித்துக் காட்டினார். அவருக்கு அது பெரிய சந்தோஷம், புதிதாக ஒன்று புரிந்தால் உடனே எனக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பத்தி இதுதான். எருசலேம் சபையில் விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதில் குறை வருகிறது. சபையை நடத்திய இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள், நாங்கள் வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி பரிமாறுவது சரியில்லை என்று ஏழு பேரை நியமிக்கிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் விதவைகளுக்கு நடப்பது ‘விசாரணை’, மேசையில் நடப்பது ‘பந்திவிசாரணை’, அப்போஸ்தலர்கள் செய்வது ‘ஊழியம்’. கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ஒரே வேர்தான். தியாகோனியா. பரிமாறுவதும் தியாகோனியா, பிரசங்கிப்பதும் தியாகோனியா. அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அதில் மேல் கீழ் வைக்கவில்லை, நாம்தான் வைத்தோம் என்று எழுதியிருந்தார்.

நான் கையில் சோப்பு நுரையோடு கேட்டேன்: “அப்போ மார்த்தாளுக்கு என்ன வார்த்தை?”

இயேசு வீட்டுக்கு வந்தபோது, சகோதரி மரியாள் அவர் பேசுவதைக் கேட்டு உட்கார்ந்திருக்க, தனியாக வேலையில் ஓடிக்கொண்டிருந்தவள் மார்த்தாள். என் கணவர் லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அதேதான்” என்றார். தமிழில் மார்த்தாள் ‘பற்பல வேலைகளைச் செய்வதில்’ வருத்தமடைந்தாள் என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அந்த ‘வேலைகள்’ இருக்கும் இடத்திலும் தியாகோனியாதான். தனியாக வேலை செய்ய என் சகோதரி என்னை விட்டுவிட்டாளே என்கிறாளே, அதுவும் அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல். வீட்டுக்குள் ஒரு பெண் செய்யும்போது ‘வேலை’. சபையில் அப்போஸ்தலர் செய்யும்போது ‘ஊழியம்’.

மொழிபெயர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எந்த இடத்தில் எந்தச் சொல் இயல்பாக இருக்கும் என்று பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தச் சொற்கள் நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அவருடையது ஊழியம், என்னுடையது வேலை. அவர் களைத்தால் அது அர்ப்பணிப்பு. நான் களைத்தால் ‘கொஞ்சம் ரெஸ்ட் எடு.’

அந்த வாரக் கடைசியில் ஒரு தாளை எடுத்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். வாரத்துக்கு 168 மணி நேரம், எல்லோருக்கும் ஒன்றுதான். அவருக்கு வகுப்பு 15 மணி நேரம். ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது கல்லூரிகளில் வழக்கமாகச் சொல்கிற அளவு, அப்படிப் பார்த்தால் படிப்பு மட்டும் 45. சாயங்கால வேலை 12. களப்பணி 10. போய்வர 8. மொத்தம் 75. எனக்கு ஷிப்ட் 48, போய்வர 9, மொத்தம் 57. வீட்டு வேலையைத் துணி மடிப்பது வரை எழுதினோம், 28 வந்தது. அதில் நான் 23, அவர் 5.

கூட்டிப் பார்த்தால் அவர் 80. நான் 80.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த விடை பிடிக்கவில்லை. என் பக்கம் கூடுதலாக வரும், அதைக் காட்டி அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவரும் என்னைப் போலவேதான் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று தாளில் பார்த்த பிறகு, கோபத்தை வைக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, என் வலி மணிக்கணக்கில் இல்லை. அவருடைய எண்பதுக்காகச் சபை முழுக்க ஜெபிக்கிறது. என்னுடைய எண்பதுக்குப் பெயரே கிடையாது. அதே தாளின் ஓரத்தில் இன்னொரு எண்ணும் எழுதினோம். இரண்டு பேரும் விழித்திருந்து, கையில் வேறு வேலை இல்லாமல், ஒரே அறையில் இருக்கிற நேரம். வாரத்துக்கு நாலு மணி நேரம்கூட வரவில்லை.

திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் ஆங்கில மிஷனரி வில்லியம் கேரியைப் படிக்காமல் யாரும் வெளியே வர முடியாது. செருப்புத் தைத்தவர், 1793இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர், 1801இல் வங்க மொழியில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர், 1818இல் செராம்பூர் கல்லூரியை சக மிஷனரிகள் மார்ஷ்மேன், வார்டு இருவரோடு சேர்ந்து தொடங்கியவர். அவர் மனைவி டாரதியைப் பற்றி எத்தனை வகுப்பில் பேசுகிறார்கள்? அவர் முதலில் வர மறுத்தவர். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கை உடன் வருவதாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். வந்த மறு வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதன்பின் அவர் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும் வரை தேறவேயில்லை. அடைக்கப்பட்ட அறைக்குள் அவர் தவிக்க, பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கேரியின் உழைப்பு எனக்குச் சின்ன விஷயம் இல்லை. நினைத்தால் தலை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த வங்க மொழிப் புதிய ஏற்பாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவருடைய பெயரில்தான் கல்லூரி அரங்குகள் இருக்கின்றன. போதக ஊழியத்துக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு டாரதியின் கதையைக் கேரியின் கதைக்குள்ளேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடிக்குறிப்பாக வேண்டாம்.

இதைச் சபையில் ஒருவரிடம் சொன்னபோது, “பவுல் சொல்லியிருக்காரேம்மா, கல்யாணம் பண்ணினவன் மனைவிக்குப் பிரியமாயிருக்கத்தான் கவலைப்படுவான்னு. அதான் ஊழியக்காரன் மனசு சிதறக் கூடாது” என்றார். அந்தப் பவுல்தான் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கினார். மூன்று பேரும் ஒரே தொழில், கூடாரம் செய்கிறவர்கள். அந்தத் தம்பதிதான் பிறகு எபேசுவில், வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, அவனுக்குத் தெரியாததை விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. தொழில், வீடு, வேதபாடம் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. ரோமருக்கு எழுதும்போது பவுல் அவர்களை என்னவென்று அழைக்கிறார் தெரியுமா? ‘உடன்வேலையாட்கள்.’ அங்கே தமிழ் வேதாகமமே ‘வேலை’ என்ற சொல்லைக் கனமாகத்தான் வைத்திருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

கல்லூரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருமணமான ஒருவரைச் சேர்க்கும்போது நேர்காணலில் துணையையும் கூப்பிடுகிறார்கள், நல்ல வழக்கம். ஆனால் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “கணவருக்கு ஒத்துழைப்புக் கொடுப்பீங்களா?” அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்றீங்க, எத்தனை மணி நேரம் தூங்குறீங்க, வீட்டில் யார் எதைச் செய்றீங்க என்று கேட்டிருந்தால், நாங்கள் அந்தத் தாளை ஒன்றரை வருடம் முன்பே எழுதியிருப்போம். படிப்பது மனைவியாகவும், வீட்டைப் பார்த்துக்கொள்வது கணவனாகவும் இருக்கிற வீடுகளிலும் இதே கேள்விகள்தான் வேண்டும்.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. செமஸ்டருக்கு ஐந்து பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது நான்கு எடுக்கிறார். ஒரு பாடம் குறைந்தால் வாரத்துக்கு 9 மணி நேரம் திரும்ப வருகிறது. மூன்று வருடப் படிப்பு நான்கு வருடமாகும். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அவருக்கு மூன்று நாள் ஆனது. கூடப் படிக்கிறவர்கள் முதலில் பட்டம் வாங்கிவிடுவார்கள், வயது போகிறது, சபை என்ன நினைக்கும் என்று. நான் எதுவும் சொல்லவில்லை. அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

“ஒரு வருஷம் வீணாப் போகுதே” என்றார்கள் பெரியவர்கள், அன்போடுதான். பழைய ஏற்பாட்டில், உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. புதிதாகக் கல்யாணம் ஆனவனை ஒரு வருடம் போருக்கு அனுப்பக் கூடாது, வேறு எந்தப் பொறுப்பையும் அவன்மேல் சுமத்தக் கூடாது, அவன் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும். தேசத்தின் யுத்தமே ஒரு வருடம் காத்திருக்கலாம் என்று சொன்ன தேவனுக்கு, ஒரு எம்.டிவ். பட்டம் காத்திருப்பது பெரிய விஷயமாக இருக்காது என்று நான் நம்புகிறேன்.

திரும்பி வந்த ஒன்பது மணி நேரத்தில் ஆறு மணி நேரத்தை அவர் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார். மூன்று மணி நேரம் எங்கள் இருவருக்கும். புத்தகம் மூடி, போன் வேறு அறையில். முதல் வாரம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம், அவர் தூங்கிவிட்டார். இரண்டாவது வாரம் பேச்சு வந்தது.

நேற்று எனக்கு நைட் ஷிப்ட். கிளம்பும்போது அவர் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அந்த அட்டைக்குக் கீழே. செருப்பை மாட்டிக்கொண்டு “வர்றேன்” என்றேன். “இரு” என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் தலையில் கை வைத்து, “ஆண்டவரே, இவளுடைய ஊழியத்தை ஆசீர்வதியும்” என்று ஜெபித்தார்.