அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை

"பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு, நடந்ததைத் திரும்பத் திரும்ப விவரிக்க வைப்பதுதான் ஒரே வழி, அமெரிக்க ஆய்வே நிரூபித்துவிட்டது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். 2022இல் வந்த அந்த ஆய்வு, 916 முன்னாள் படைவீரர்களிடம் இரண்டு முறைகளை ஒப்பிட்டது. ஒன்று நீங்கள் சொல்வது: நடந்ததை வாய்விட்டுச் சொல்லி, அந்த ஒலிப்பதிவை வீட்டில் மறுபடியும் கேட்பது. மற்றொன்றில், 'என்னால்தான் அவன் செத்தான்' என்பது போன்ற எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம் என்று குறுக்கு விசாரணை செய்வார்கள்.

முதல் முறை சற்று முந்தியது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் சிகிச்சையில் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. முதல் முறையைத் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இடையிலேயே நின்றுவிட்டார்கள். இதை ஏனோ விட்டுவிட்டீர்கள். நின்றவர்களை 'மன உறுதி இல்லாதவர்கள்' என்றது அநியாயம். குற்ற உணர்வில் புழுங்கும் ஒருவருக்கு அந்தத் தாளும் பேனாவும் ஒத்துவரலாம். இரண்டையும் விளக்கிச் சொல்லி, எதை முடிக்க முடியும் என்று அவரிடமே கேட்க வேண்டும்.