பொன்னாடைக்கு மேல் ஒரு வரி

ஞாயிற்றுக்கிழமை நம் வேலூரில் நடந்த பாராட்டு விழாவின் காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். ஆகவே முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை; ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் ஒருவர் தன் பணி அனுபவத்தைச் சொல்லத் தொடங்கியதும் மைக்கை வாங்கிவிட்டார்கள். பெரியவர் கையிலிருந்து மைக்கை வாங்கிய அந்தத் தம்பியின் மீது எனக்குக் கோபமும் இல்லை; நேரமாகிறது என்று யாரோ கண் காட்டியிருப்பார்கள், அவர் வாங்கினார். என் ஆதங்கம் வேறு. 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றப்பிரிவில் உழைத்து ஆய்வாளராக ஓய்வு பெற்ற ஒருவரைப் பாராட்டுகிறோம் என்று மேடையேற்றிய விழாவில், அவர் துப்புத் துலக்கிய ஒரே ஒரு வழக்கையாவது யாராவது சொன்னார்களா? "காவல் துறையில் பல்லாண்டு காலம் சிறப்பாகப் பணியாற்றியவர்" என்று தாளைப் பார்த்துப் படித்தார்கள். பெயரை மட்டும் மாற்றினால் அந்த வரி எவருக்கும் பொருந்தும். சொல்லப்போனால் பெயரையும் தப்பாகத்தான் படித்தார்கள்.

வடஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது காவலராகச் சேர்ந்தவர் அவர். 1989இல் அது இரண்டானது. 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மாவட்டத்துக்கு எல்லைக்கோடு மாறலாம், திருடனுக்கு எல்லை ஏது? காட்பாடியில் கைவரிசை காட்டியவன் விடிவதற்குள் சித்தூரில் இருப்பான். அவனைத் தேடி எத்தனை இரவுகள் ரயில் நிலையங்களிலும் லாட்ஜ்களிலும் கழிந்தன என்பதை அவர் சொல்லித்தான் நாம் அறிய முடியும். அதைச் சொல்லத் தொடங்கியபோதுதான் மைக் போய்விட்டது.

எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, உறவினர் திருமணத்துக்குப் போய்த் திரும்பியபோது பின்கதவு நெம்பப்பட்டிருந்தது. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் வளையல்களும் போய்விட்டன. பீரோவிலிருந்து பின்கதவு வரை மிளகாய்த் தூளைத் தூவியிருந்தார்கள். மோப்ப நாய் வந்து தும்மிவிட்டுப் போனது. அப்போது குற்றப்பிரிவு உதவி ஆய்வாளராக இருந்த இவர் பீரோவின் பக்கமே அதிகம் போகவில்லை, நேராகச் சமையலறைக்குள் போய், "யம்மா, இந்தத் தூள் உங்க வீட்டுதா, கடையில வாங்கினதா?" என்று கேட்டார். வீட்டில் அரைத்தது, டப்பா பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கும் என்றார் அம்மா. மற்ற டப்பாக்களில் ஒன்றுகூட இடம் மாறவில்லை என்பதை டார்ச் அடித்து எங்களுக்குக் காட்டிவிட்டு, இருட்டில் தடுமாறாமல் அந்த ஒரு டப்பாவை எடுத்தவனுக்கு இந்தச் சமையலறை முன்பே தெரியும் என்றார்.

உடனே உறவினர் ஒருவர், வீட்டு வேலை செய்த பெண்மணியை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு தட்டுத் தட்டினால் எல்லாம் வெளியே வரும் என்று ஆலோசனை சொன்னார். இவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கடந்த ஆறு மாதத்தில் சமையலறைக்குள் வந்து போனவர்கள் யார் யார் என்று அம்மாவைப் பொறுமையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளின் மைத்துனன் பன்னிரண்டு நாட்களில் அகப்பட்டான். வளையல்களை உருக்கிவிட்டிருந்தார்கள், சங்கிலி அடகுக்கடையில் கிடைத்தது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதைப் பெற்றபோது, அரக்கு முத்திரை வைத்த பழுப்பு உறையைப் பிரித்து அம்மா முதலில் பார்த்தது எடையை அல்ல, கொக்கியில் தான் சுற்றி வைத்திருந்த சிவப்பு நூல் இருக்கிறதா என்றுதான். வேலைக்கார அம்மா அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்மணியை அன்று ஸ்டேஷன் வாசலில் உட்கார வைக்காமல் விட்டதற்கு எந்த விழாவில் கேடயம் தருவீர்கள்?

"சம்பளம் வாங்கிக்கொண்டுதானே செய்தார்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஆம், வாங்கினார். மேடையில் முக்கால் மணி நேரம் பேசிய முதன்மை விருந்தினரும் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்பவர் அல்லர். அவருடைய சாதனைகளை மட்டும் ஆண்டு வாரியாகப் படித்தார்களே, அப்போது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது? சம்பளம் ஓய்வு பெற்ற நாளோடு நின்றுவிடுகிறது, சம்மன் நிற்பதில்லை. ஓய்வுக்குப் பிறகும் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் பழைய வழக்குகளுக்குச் சாட்சி சொல்ல அவர் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூண்டில் ஏறினால், பொருளைக் கைப்பற்றிய இடத்திலேயே எழுத வேண்டிய மகசர் என்ற பதிவைப் பற்றி, "மகசரை ஸ்டேஷனில் உட்கார்ந்தே எழுதினீர்கள் என்கிறேன்" என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். "சரியல்ல" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு இறங்கி, பேருந்து பிடித்து வீட்டுக்குப் போவார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 336ஆம் பிரிவு, ஓய்வு பெற்ற அதிகாரியின் ஆவணங்களைப் பற்றி இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவரே சாட்சி சொல்ல வழி செய்திருக்கிறது. இவர் காலத்தில் அந்த வசதி கிடையாது.

இன்னொருவர், "சாத்தான்குளத்தை மறந்துவிட்டு போலீசுக்குப் பல்லக்குத் தூக்குகிறீர்களா?" என்கிறார். மறக்கவில்லை. 2020இல் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த அந்தக் கொடுமைக்கு நியாயம் கற்பிக்கிறவன் நான் அல்லன். ஆனால் அந்த வழக்கில் துணிந்து சாட்சி சொன்னவரும் ஒரு பெண் தலைமைக் காவலர்தான் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவே சொல்லிவிட்டது. அதன் வழியே கண்டெடுத்த பொருளைப் பற்றிய அளவுக்குத்தான் 27ஆம் பிரிவு இடம் தந்தது. அடிக்கிறவனுக்கு மிளகாய்த் தூள் டப்பா எதற்கு? டப்பாவைப் பார்க்கிறவரையும் அடிக்கிறவரையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் உங்கள் நியாயம் என்றால், மேற்கொண்டு பேச என்னிடம் எதுவும் இல்லை.

இந்தத் தொழிலில் பெயர் மேலே போவதும் உழைப்பு கீழே தங்குவதும் பழைய வழக்கம். 1897இல் கொல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கிய காலத்தில், ரேகைகளை வகைப்படுத்தும் முறையைக் கணக்குப் போட்டு உருவாக்கியதில் பெரும் பங்கு அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உதவி ஆய்வாளர்களுடையது. உலகம் அதற்கு வைத்ததோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்: ஹென்றி முறை. அவ்வளவு தூரம் ஏன்? 2021 டிசம்பரில் நம் தோட்டப்பாளையத்து நகைக்கடையில் சுவரைத் துளையிட்டு ஏறத்தாழ 15 கிலோ நகைகளை அள்ளிச் சென்றார்களே, சில நாட்களிலேயே ஒடுகத்தூர் சுடுகாட்டில் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். திருடன் சிங்க முகமூடி போட்டிருந்தான் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தனிப்படையில் தூக்கமில்லாமல் அலைந்த ஒரே ஒரு ஏட்டின் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

மரியாதை செய்யத் தெரியாத ஊர் அல்ல இது. ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று, 1806 வேலூர்ப் புரட்சியில் உயிர்நீத்த சிப்பாய்களுக்காக மக்கான் நினைவுத் தூணில் மலர் வைக்கிறோம். ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற கம்மவான்பேட்டைப் பிள்ளைகளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம். அக்டோபர் 21 அன்று, பணியில் உயிர்நீத்த காவலர்களுக்கு நாடே வீரவணக்கம் செலுத்துகிறது. உயிரோடு ஓய்வு பெற்றுவிட்ட துப்பறிவாளருக்கு மட்டும் ஒரு பொன்னாடை போதுமா? புலனாய்வுத் திறமைக்கென்றே தனிப் பதக்கம் வேண்டும் என்று 2018இல் உள்துறை அமைச்சகத்துக்கே தோன்றியிருக்கிறது. எந்த வழக்கை எப்படிப் பிடித்தார் என்பதுதான் அங்கே கேள்வி. நம் விழாக் குழுவுக்கோ, எந்த நிறத்தில் பொன்னாடை என்பதோடு கேள்வி முடிந்துவிட்டது.

"அவரே வாய் திறக்கவில்லை, உனக்கென்ன வலிக்கிறது?" என்று உரிமையோடு கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அவர் வாய் திறக்க மாட்டார். தன் மேலதிகாரிகள் பத்திரிகையாளர் சந்திப்பில் பேசும்போது பின்வரிசையில் நின்றே பழகியவர். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அதையாவது கவனித்தீர்களா? எத்தனை தீபாவளிக்கு அந்த அம்மாள் தனியாக விளக்கேற்றியிருப்பார்! தன் கணவர் அந்த இரவுகளில் எங்கே போனார், என்ன செய்தார் என்பதை ஊரார் வாயால் ஒருமுறை கேட்கத்தான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருப்பார். அவருக்குக் கிடைத்தது ஒரு குழுப் புகைப்படம். அதிலும் கணவரின் பாதி முகம்.

அடுத்த மாதம் இன்னொரு பாராட்டு விழா நடத்தப் போவதாகக் குழுவினர் அறிவித்திருக்கிறார்கள். தவறாமல் நடத்துங்கள். அவரை மறுபடி அழைப்பதாக இருந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரிடமே கேட்டு அவருடைய வழக்குகளை நானே தட்டச்சுச் செய்து தருகிறேன், பெயரும் பிழையில்லாமல் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது, படிக்க ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை முதன்மை விருந்தினர் காத்திருக்கட்டும்.