கோயாவின் பட்டினித் தகடுகள்

போரைச் சித்திரித்த அச்சோவியங்கள் என்று பேச்செடுத்தாலே ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயாவின் ‘போரின் பேரழிவுகள்’ வரிசையும், அதிலிருந்து வெட்டுண்ட உடல்கள் மரத்தில் தொங்கும் அந்த ஒரு படமுமே திரும்பத் திரும்பப் பகிரப்படுகின்றன. அப்படத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால், போர் பொதுமக்களை என்ன செய்கிறது என்று அறிய விரும்புபவர்கள், 82 தகடுகள், அதாவது செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள், கொண்ட அவ்வரிசையில் 48 முதல் 64 வரை உள்ளவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

பிரெஞ்சு ஆக்கிரமிப்பின்கீழ் 1811-12இல் மாட்ரிட் நகரை வாட்டிய பஞ்சமே அவற்றின் பொருள். ஏறத்தாழ 20,000 பேர் அப்பஞ்சத்தில் மாண்டனர். 50ஆம் தகட்டில், இறந்துபோன தாயை ஆண்கள் தூக்கிச் செல்ல, சிறுமி ஒருத்தி கண்களைக் கசக்கியபடி பின்னால் நடக்கிறாள். அவளுக்கும் அவர்களுக்கும் இடையே கோயா விட்டிருக்கும் வெற்றிடம், எந்தக் குருதிக் காட்சியையும்விட என்னைத் தொந்தரவு செய்கிறது. கொலைக் காட்சியில் கொன்றவன் கண்ணெதிரே நிற்பதால், அவனை வெறுத்துவிட்டு நாம் எளிதாக நகர்ந்துவிடலாம். பட்டினியில் அப்படிக் கைகாட்ட ஒருவன் அகப்படுவதில்லை. 61ஆம் தகட்டிலோ எலும்பும் தோலுமாகக் கிடப்பவர்களின் அருகே நன்றாக உண்டு உடுத்தவர்கள் நிற்கிறார்கள். ‘வேறு குலத்தவரோ என்னவோ’ என்ற பொருளில் கோயா அதற்கு எழுதிய தலைப்பின் ஏளனம், பஞ்சத்தில் வாடியவர்களை நோக்கியதன்று.

இந்தக் கடுமைக்கு ஊடகமும் துணைநின்றது. பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கிய செப்புத்தகட்டை அமிலம் அரிக்கும்போது உண்டாகும் அக்வாடின்டின் சாம்பல் நிறம், வண்ணமோ அலங்காரமோ இல்லாத ஒரு வெளியை அவருக்குத் தந்தது. போர்க்காலத்தில் செம்புக்கும் தட்டுப்பாடு; தம் பழைய நிலக்காட்சித் தகடுகளை இரண்டாக வெட்டி, அவற்றின் பின்புறத்திலும் இவ்வரிசையின் சில படங்களைச் செதுக்கினார்.

பல படிகள் எடுப்பதற்கென்றே உருவான கலை, இங்கே பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. 1814இல் அரியணைக்குத் திரும்பிய ஸ்பானிய மன்னர் ஏழாம் பெர்னாண்டோவின் அடக்குமுறை ஆட்சியில் கோயா இவற்றை வெளியிடவில்லை. அவர் மறைந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் சான் பெர்னாண்டோ கலைக்கழகம் வெளியிட்டது. அப்பதிப்பில் தகட்டின் மேல் மையை மிகுதியாக விட்டு அச்சிட்டதால், கோயா வெறுமையாக விட்ட இடங்களும் மங்கலாகிவிட்டன. ஆகவே, வாய்ப்புள்ளவர்கள் அவர் தம் நண்பர் செயான் பெர்முதேசுக்கு அளித்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள முற்படிகளை, அதாவது பதிப்புக்கு முன் எடுத்த சோதனை அச்சுகளை, பார்ப்பதே நல்லது.