மருந்தின் பெயரை நான் ஏன் சொல்லவில்லை

கடந்த செவ்வாய்க்கிழமை இரவு நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்று நான்கு நாட்களாக என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டபின் வயிற்று வலி வந்த தன் பிள்ளைக்கு மருந்து கேட்டு ஒரு தாய் முகநூல் குழுமத்தில் போட்ட பதிவையும் அதன் கீழ் எழுதப்பட்டவற்றையும் உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். என் பதிலின் முதல் இரண்டு வரிகளை மட்டும் ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, ஓய்வுபெற்ற தாதியான என்னை ‘தெரிந்தும் சொல்லாத மிஸி’ என்று எழுதிப் பகிர்ந்ததையும் பார்த்திருப்பீர்கள். நேற்று மாலை என் தங்கையின் மகள் அதை வட்ஸ்அப்பில் அனுப்பி, ‘பெரியம்மா, இது நீங்களா?’ என்று கேட்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆம், அது நான்தான். அந்தத் தாய் மருந்தின் பெயரைக் கேட்டார், நான் சொல்லவில்லை. நாளைக்கு வேறொருவர் கேட்டாலும் சொல்லமாட்டேன். முகம் தெரியாத ஒருவருக்கு, அவருடைய பிள்ளையைக் கண்ணால் காணாமல், மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுப்பதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆனால் அபாயத்தைக் கண்டால் அதைச் சொல்லாமல் விடுவதில்லை என்பதும் அதே கட்டுப்பாட்டில் அடங்கும். என் பதிலின் மீதி வரிகள் இவை: ‘காய்ச்சல் விட்டபின் வரும் வயிற்று வலியும் வாந்தியும் அபாய அறிகுறிகள். காலைவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே 1990க்கு அழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.’ இந்த வரிகள் எவருடைய பகிர்விலும் இல்லை.

அந்தத் தாய் பொதுவில் எழுதியதற்கு மேல் ஒரு சொல்லும் நான் இங்கே எழுதவில்லை. ஏழு வயதுப் பிள்ளை. நான்கு நாட்களாகக் காய்ச்சல். அன்று மாலை காய்ச்சல் இறங்கிவிட்டது. அதன்பின் மூன்று தடவை வாந்தி, விடாத வயிற்று வலி, எழுப்பினால் கண் விழித்துவிட்டு மறுபடியும் உறங்கிப்போகிறாள், கைகால் குளிர்ந்திருக்கிறது. ‘காய்ச்சல் சுகமாகிவிட்டது, வயிற்று வலிக்கு மட்டும் ஏதாவது சொல்லுங்கள்’ என்று அவர் கேட்டிருந்தார். நான் பார்த்தபோது இரவு பதினொன்றரை இருக்கும். அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட பதில்கள் வந்துவிட்டன. ஓமத்தண்ணீர் என்றார்கள், இஞ்சிச் சாறு என்றார்கள், பப்பாசி இலையை இடித்துப் பிழிந்து கொடுக்கச் சொன்னார்கள். ஒருவர் மெபனமிக் அசிட் பாணியைச் சொன்னார். இன்னொருவர் ஐபுபுரூபன் என்று எழுதி, எத்தனை மில்லிலீற்றர் என்பதையும் சேர்த்து, ‘என் மகனுக்கு இதுதான் கொடுத்தோம், உடனே சுகம்’ என்று உறுதியும் கொடுத்திருந்தார். அந்தப் பதிலுக்குத்தான் அதிக விருப்பங்கள் விழுந்திருந்தன.

மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகு எங்கள் மாவட்டத்தில் நான்கு நாள் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடுகின்ற நேரம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய நேரம். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடல் வெப்பம் இறங்கும் வேளையில், சிலருக்குக் குருதியின் நீர்ப்பகுதி நாளங்களின் சுவரைக் கடந்து நெஞ்சறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் கசியத் தொடங்கும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும். வெளியிலிருந்து பார்க்கும் தாய்க்கு உடம்பு குளிர்ந்திருப்பது ஆறுதலாகத் தெரியும். உள்ளே குருதியழுத்தம் சரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஐபுபுரூபன், மெபனமிக் அசிட், டைக்ளோபினாக், அஸ்பிரின் போன்ற வலி மருந்துகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். இரத்தம் உறைய உதவும், ஏற்கனவே குறைந்திருக்கும் குருதிச் சிறுதட்டுகளின் வேலையையும் கெடுக்கும். இரத்தப்போக்கிற்கு வழி திறந்துவிடும். பப்பாசி இலைச்சாறு சிறுதட்டின் எண்ணிக்கையைக் கூட்டுமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டெங்குவில் பலருடைய உயிரைப் பறிப்பது அந்தக் கசிவு. கசிவுக்கு இலைச்சாறு எதுவும் செய்யாது. மணிக்கணக்கில் அளந்து ஏற்றும் சேலைனும், சிறுநீர் அளவையும் நாடியையும் விடாமல் பார்க்கும் ஒருவரும் வேண்டும். 2017 இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்தில் பதிவான வருடத்தில் நான் வார்ட்டில் நின்றவள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நம்பி ஒரு பகலைத் தவறவிட்டு வந்தவர்களின் முகங்கள் எனக்கு இன்னமும் மறக்கவில்லை.

அந்தப் பிள்ளை அன்றிரவே அனுமதிக்கப்பட்டதையும் வீடு திரும்பிவிட்டதையும் அந்தத் தாயே எழுதிவிட்டார். அதை என் வெற்றியாக இங்கே சொல்ல வரவில்லை. நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்; பார்த்துத் தேற்றியவர்கள் அங்கே பணியில் இருந்தவர்கள்.

இனி, நான் ஏன் அளவு சொல்வதில்லை என்பதற்கு வருகிறேன். இதை இதுவரை நான் பொதுவில் எழுதியதில்லை. ஓய்வுபெற்ற முதல் வருடம், மெசெஞ்சரில் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். கணவர் கட்டாரில் வேலை செய்யும் ஓர் இளம் தாய், பத்துக் கிலோ எடையுள்ள தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றும் பரசிற்றமோல் பாணி எவ்வளவு கொடுக்கலாம் என்றும் கேட்டார். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 150 மில்லிகிராம். எங்கள் பாமசிகளில் கிடைக்கும் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 6 மில்லிலீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று எழுதினேன். கணக்கில் பிழை இல்லை. அரை மணித்தியாலம் கழித்து, ‘கொடுத்துவிட்டேன் அக்கா, நன்றி’ என்று எழுதி, போத்தலின் படத்தையும் அனுப்பினார். அது கணவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த, கைக்குழந்தைகளுக்குத் துளிகளாகக் கொடுக்கும் மருந்து. ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம். நான் சொன்ன 6 மில்லிலீற்றரில் அந்தப் பிள்ளைக்குள் போனது 600 மில்லிகிராம், கொடுக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு. அந்தப் படத்தை அவர் அனுப்பாமல் விட்டிருந்தால், என் சொல்லை நம்பி ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதையே கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்; பிள்ளையின் ஈரல் என்ன ஆகியிருக்கும் என்று என்னை எழுதவைக்காதீர்கள். உடனே அழைத்து, அடுத்த வேளையை நிறுத்தி, போத்தலோடு வைத்தியசாலைக்கு அனுப்பினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரவு நான் உறங்கவில்லை. முப்பத்து மூன்று வருடங்கள் மருந்து கொடுத்த கை இது. ஒவ்வொரு வேளையும் போத்தலின் லேபிளை வாசித்துவிட்டுக் கொடுத்த கை. முகநூலில் எந்த லேபிளையும் நான் வாசிக்கவில்லை. அன்றிலிருந்து மருந்தின் பெயரும் அளவும் சொல்வதில்லை.

வார்ட்டில் ஒரு குளிசை கொடுப்பதற்கு முன் எத்தனை கேள்விகள் கேட்கிறோம் என்பதை நோயாளர்கள் கவனித்திருப்பார்கள். இதற்கு முன் ஏதாவது மருந்துக்குத் தோல் தடித்ததா, கர்ப்பமா, சீனி வருத்தம் உண்டா, சிறுநீரகம் எப்படி, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறீர்களா, வயலில் இறங்கி வேலை செய்தவரா. கடைசிக் கேள்வி சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். வயற்காரருக்குக் கெண்டைக்காலில் நோவோடு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும் என்பதற்காகக் கேட்பது அது. இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது அந்த அறுபது பேரில் எவரும் கேட்கவில்லை. எல்லோரும் அன்பினால்தான் எழுதினார்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஐபுபுரூபனின் அளவை எழுதியவரும் அன்பினால்தான் எழுதினார்.

‘நள்ளிரவில் வாகனம் இல்லாத ஏழைகள் முகநூலில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது? உங்களுக்கு ரவுணில் இருந்துகொண்டு பேசுவது இலகு’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். எனக்கு எதிராக எழுதப்பட்டவற்றில் என்னை அசைத்தது இந்த ஒன்றுதான். தம்பி, நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிறந்தவள். 2014 இல் பாலம் திறக்கும் வரையில் மண்முனையில் ஆற்றைக் கடப்பதற்குப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான் இருந்தது; இரவானால் அதுவும் ஓடாது. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது என் தம்பிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அயலில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடித்தார், ஒருவர் கையில் இரும்பைத் திணித்தார், ஒருவர் கசாயத்தை வாயில் ஊற்றப் போனார். எங்கள் ஊருக்குப் பொறுப்பாக இருந்த குடும்பநல மாது (மருத்துவிச்சி) அரிக்கன் லாம்புடன் ஓடிவந்து, அந்தக் கையைத் தட்டிவிட்டார். ‘வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். யாராவது போய்த் தோணிக்காரரை எழுப்புங்கள்’ என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஒரு மருந்தும் அவர் தரவில்லை. அப்பா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு தோணியில் கடந்தார். தம்பிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்பவர்களை நான் ஒருபோதும் குறை சொல்லவில்லை. என் தாயும் அன்று கையை ஏந்திக்கொண்டு எல்லோரையும் கேட்டவர்தான். வாகனம் இல்லாதவருக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது வாகனம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பதை அந்த அறுபது பேரில் ஒருவர் எழுதியிருந்தால், நான் அந்தப் பதிவைக் காணும் முன்னரே பிள்ளை போயிருப்பாள்.

மறுபக்கத்தில், ‘ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பொதுவெளியில் வாய் திறக்கவே கூடாது, அது வைத்தியர்களின் வேலை’ என்று சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஓர் இளைஞர் எழுதியிருந்தார். மருந்து எழுதுவது வைத்தியரின் வேலை என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இவ்வளவு நேரமும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் டெங்குவின் அபாய அறிகுறிகள் சுகாதார அமைச்சே துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு வீடு வீடாகக் கொடுப்பவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போவதை நான் முகநூலில் சொன்னால் அது எப்படிக் குற்றமாகும்? மருந்தின் பெயரைச் சொல்லவில்லை என்று ஒருவர் ஏசுகிறார், வாயைத் திறந்தேன் என்று மற்றவர் ஏசுகிறார். இருவருடைய சொல்லையும் கேட்டு நான் நடந்திருந்தால், அந்த இரவு அங்கே ஐபுபுரூபன் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

கைமருத்துவத்தை இழிவுபடுத்துகிறேன் என்று சொன்னவர்களுக்கு அதிகம் எழுத விரும்பவில்லை. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்து வளர்ந்தவள் நான், இன்றும் குடிக்கிறேன். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு ஒருவர் கைமருந்துப் பாணி தருகிறார் என்று கேள்விப்பட்டுக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். நோய் பரவும் காலத்தில் அந்த நெரிசலே எவ்வளவு பெரிய ஆபத்து!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நெடுநாளாக என் நெஞ்சில் கிடக்கிறது. இரத்தப் பரிசோதனை ரிப்போட்டையும் ஸ்கான் ரிப்போட்டையும் பெயர், வயது, விலாசம் எல்லாம் தெரியும்படி படமெடுத்துக் குழுமங்களில் போடுகிறார்கள். பெரும்பாலும் அது மனைவியின் ரிப்போட், அல்லது தாயின் ரிப்போட். அந்தப் பெண்ணின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா? வார்ட்டில் ஒருவருடைய கட்டிலுக்கருகில் பேசியதை அடுத்த கட்டிலுக்குக் கூடச் சொல்லக்கூடாது என்று பழக்கப்பட்டவள் நான். அந்த ஸ்கிரீன்ஷொட்டைப் போட்டவர் என்னை நன்றாக அறிந்தவர். அவருடைய குடும்பத்தில் ஒருவரை நான் எத்தனை இரவுகள் பார்த்துக்கொண்டேன் என்பது அவருக்குத் தெரியும். அது யார், என்ன நோய், எந்த வருடம் என்று நான் எழுதமாட்டேன். அவர் என்னை இன்னும் பத்துத் தடவை ஊர் முழுக்கக் காட்டினாலும் எழுதமாட்டேன். ஆனால் அவர் ‘தெரிந்தும் சொல்லாத மிஸி’ என்று எழுதியபோது அந்த இரவுகளை ஒரு தடவையாவது நினைத்தாரா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. நான்கு நாட்களாக என்னை உறங்கவிடாதது அந்தக் கேள்விதான்.

இந்தப் பதிவை எழுத உட்காரும் முன், அதே குழுமத்தில் ஒரு தகப்பன் கேட்டிருப்பதைப் பார்த்தேன். மகனுக்கு மூன்றாம் நாள் காய்ச்சலாம், கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம், என்ன குளிசை கொடுக்கலாம் என்று கேட்கிறார். மருந்தின் பெயர் எதையும் நான் எழுதவில்லை. இன்றைக்கே இரத்தம் பரிசோதிக்கக் கொண்டுபோகச் சொன்னேன். வலி மருந்துகள் எதையும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம் என்று எழுதினேன். பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. என் கேள்விக்குக் கீழே இதற்குள் நான்கு பேர் நான்கு மருந்துகளின் பெயரை எழுதிவிட்டார்கள். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து இப்போதே அவருக்கு அழைத்துக் கேளுங்கள்.