பாதி நுரையில் வைகை அணை

செல்லூரில் நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் கடையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு பேராவது காத்திருப்பார்கள். அன்று வெள்ளனமே போய்விட்டதால் எனக்கு முன்னால் ஒரே ஆள்தான். சரி, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த ஒரே ஆள் சோமு அண்ணன் என்பது, முகம் முழுக்க நுரை இருந்ததால், எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சாயந்தரம் வந்திருப்பேன்.

சோமு அண்ணன் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து 2016-இல் ஓய்வு பெற்றவர். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரும் அதை யாரையும் மறக்க விடுவதில்லை. வாயைத் திறந்தால் அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதுவது மாதிரிதான் பேசுவார். கடைக்காரர் பாண்டிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கத்தி கையில், கண் போனில். இதுவரை யாருக்கும் காது போனதில்லை.

பாண்டி: அண்ணே, இதைப் பாருங்க. யானைக்கல் பாலத்துக்குக் கீழே முதலை! நேற்று ராத்திரி எடுத்ததாம்.

சோமு: (உதட்டை அசைக்காமல்) பொய்.

பாண்டி: பார்க்காமலே பொய் என்றால் எப்படி? வாயைத் திறக்குது, பல் தெரியுது, எல்லாம் தெரியுது.

சோமு: ஏஐயில் செய்தது.

பாண்டி: எதை வைத்துச் சொல்றீங்க? மனுசன் என்றால் ஆறு விரல் இருக்கிறதா என்று பார்க்கலாம். முதலைக்கு எத்தனை விரல் என்று எனக்கு எங்கே தெரியும்?

சோமு: முதலையை விடு. ஆற்றைப் பார். இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது. இப்போது என்ன மாதம்? மே. அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து திறந்துவிட்டால்தான் உண்டு. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

(பாண்டி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பொய் வீடியோவைக் கண்டுபிடிக்க எத்தனையோ வழி சொல்கிறார்கள். மதுரைக்காரனுக்கு இந்த ஒரு வழி போதும்.)

பாண்டி: ஆனால் மேலே ரெண்டு அம்புக்குறி இருக்கே, அண்ணே. பலமுறை பகிரப்பட்டது என்று வாட்ஸ்அப்காரனே போட்டிருக்கான். ஊரே அனுப்புது, எல்லாருமா பொய் சொல்வாங்க?

சோமு: அது ஐஎஸ்ஐ முத்திரை இல்லையப்பா, எச்சரிக்கை. அனுப்பியவன் எழுதியது இல்லை, கை மாறிக் கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020-லிருந்து அந்த மாதிரிச் செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும்.

பாண்டி: அதான் நேற்று ஒவ்வொருத்தராக அனுப்பி விரல் வலித்ததா!

சோமு: நீயும் அனுப்பினாயா?

பாண்டி: அறுபது பேருக்குத்தான். அதை விடுங்க. தண்ணீர் என்றதும்தான் ஞாபகம் வருது. உங்க டிபார்ட்மெண்ட் தெர்மாகோல் மீம் இன்றைக்குக் காலையிலும் ஒன்று வந்தது, அண்ணே. புதுசு.

சோமு அண்ணனின் தலை திரும்பியது. கத்தி காற்றில் நின்றது.

சோமு: நான் எந்த வருஷம் ஓய்வு பெற்றேன்?

பாண்டி: (பள்ளிக்கூடப் பையன் மாதிரி) 2016, ஜூன்.

சோமு: தெர்மாகோல் எப்போது?

பாண்டி: 2017, ஏப்ரல்.

சோமு: பத்து மாதம்! பத்து மாதத்துக்கு முன்னாலேயே மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றுவரை கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் என்னைப் பார்த்து, "பொதுப்பணித் துறையா? எத்தனை ஷீட்டு?" என்கிறான். போன தீபாவளிக்கு என் சம்பந்தி வீட்டில் புது டிவி வாங்கினார்கள். பெட்டியிலிருந்த தெர்மாகோலை எடுத்து, "இதைக் குப்பையில் போடவா, உங்களுக்கு ஏதும் உபயோகப்படுமா, சம்பந்தி?" என்று என் மகளுக்கு எதிரிலேயே கேட்டார்.

(மறந்தவர்களுக்காக: அந்த வறட்சியில், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, ஓர் அமைச்சரும் அதிகாரிகளும் தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்க விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று அத்தனையையும் கரைக்குத் தள்ளிவிட்டது. அணை இருப்பது தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிக்குப் பக்கம். சிரிப்பு மட்டும் மதுரைக் கணக்கில் ஏறிவிட்டது.)

பாண்டி: கோபப்படாதீங்க. தலையைக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்புங்க, வெளிச்சம் விழட்டும். காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டிருக்கலாமே, அண்ணே?

சோமு: ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை நட்டுக் கரண்ட் எடுக்கிறான். அங்கே போய்க் காற்று இல்லாத நாளைத் தேடுகிறாயா? யோசனை தப்பில்லை, பாண்டி. எடைதான் தப்பு.

பாண்டி: யோசனை தப்பில்லையா! ஊரே சிரித்ததே.

சோமு: தண்ணீரை மூடி வைத்தால் ஆவியாவது குறையும். உன் வீட்டில் மண்பானையை ஏன் மூடுகிறார்கள்?

பாண்டி: பல்லி விழக் கூடாது என்று.

சோமு: ...சரி, அதை விடு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் 2015-இல், ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற நீர்த்தேக்கத்தில் கறுப்புப் பந்தாகக் கொட்டி மூடினார்கள். எத்தனை பந்து தெரியுமா? 9 கோடியே 60 லட்சம்.

பாண்டி: பந்தா? விளையாடுற பந்தா?

சோமு: நாலு அங்குல பிளாஸ்டிக் பந்து. ஒன்று 36 சென்ட். அன்றைய மதிப்பில் 23 ரூபாய் போல வரும்.

பாண்டி: என்னிடம் ஷேவிங் 80 ரூபாய். அப்படியென்றால் ஒரு ஷேவிங்குக்கு மூன்றரைப் பந்து. (கத்தியைத் துடைத்தார்.) பார்த்தீங்களா, அண்ணே? நம்மைப் பார்த்துத்தான் அமெரிக்காக்காரன் காப்பி அடித்திருக்கான். இதை அப்படியே குரூப்பில் போடணும்.

சோமு: அவன் போட்டது 2015. நம்முடையது 2017.

பாண்டி: அப்போ நாம காப்பி அடித்தோமா?

சோமு: காப்பி அடித்திருந்தால்தான் பரவாயில்லையே, பந்துக்குள் தண்ணீர் ஊற்றியிருப்போம்!

பாண்டிக்குப் புரியவில்லை. எனக்கும்தான். சோமு அண்ணன் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழப்பாக இருந்தது, மற்றதில் நுரை அப்படியே இருந்தது. பாண்டி சுவர் ஃபேன் புதிதாக வாங்கி மாட்டியிருந்தார். அதன் பெட்டி நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. அதிலிருந்த தெர்மாகோலை எடுத்து விரல் நீளத்துக்குப் பிய்த்தார். அப்புறம்தான் என்னைக் கவனித்தார். "தம்பி, அந்த பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாங்க" என்றார். போனேன். முடி வெட்ட வந்தவன், தண்ணீர் பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஃபேனுக்கு நேராக நின்றேன்.

சோமு: இதுதான் அணை. இது தெர்மாகோல். ஃபேனைப் போடு, பாண்டி.

ஃபேன் சுற்றியதும் துண்டுகள் விளிம்புக்கு ஓடின. இரண்டு என் சட்டையைத் தாண்டிப் பறந்தன. உதிர்ந்த வெள்ளை மணிகள் சோமு அண்ணனின் நுரைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. எது நுரை, எது தெர்மாகோல் என்று தெரியவில்லை.

சோமு: பார்த்தாயா? தெர்மாகோல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றுதான். காற்றை வைத்துக் காற்றைத் தடுக்க முடியுமா? இப்போது இதைப் பார்.

சட்டைப் பையிலிருந்து ஹோமியோபதி மாத்திரைக் குப்பியை எடுத்தார். விரல் தண்டிப் பிளாஸ்டிக் குப்பி. இனிப்பு உருண்டைகளை என் உள்ளங்கையில் கொட்டப் பார்த்தார். என் இரண்டு கையிலும் பேசின் இருந்ததால் பாண்டியின் கையில் கொட்டினார். குப்பியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, மூடி, பேசினில் போட்டார். குப்பி முக்கால்வாசி முங்கி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. ஃபேன் காற்றுக்குக் கொஞ்சம் ஆடியது. அவ்வளவுதான், பறக்கவில்லை.

சோமு: லாஸ் ஏஞ்சல்ஸ் பந்துக்குள்ளும் இப்படித்தான் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், காற்று தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று. இந்த ஒரு விஷயம்தான், பாண்டி. மொத்த வித்தியாசமும் இந்த ஒரு விஷயம்தான்!

பாண்டி: (மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு) அப்போ அங்கே தண்ணீர் ஆவியாகாமல் மிச்சமாச்சா?

சோமு: ஆச்சு. ஆனால்... பந்து போட்டதன் முதல் காரணம் அது இல்லை.

பாண்டி: என்னது?

சோமு: தண்ணீரில் புரோமைடு என்று ஓர் உப்பு இயற்கையிலேயே இருக்கும். கிருமி சாக குளோரின் போடுகிறோம். இரண்டும் இருக்கிற தண்ணீரில் வெயில் பட்டால் புரோமேட் உண்டாகும். அது புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம் என்கிறார்கள். வெயில் படாமல் இருக்கத்தான் கறுப்புப் பந்து. ஆவி குறைந்தது கூடுதல் லாபம்.

பாண்டி: அப்போ அரைமணி நேரமாக நீங்க சொன்னது...

சோமு: முழுசாகக் கேள். பந்தின் ஆதி கதை இன்னும் வேறு. விமான நிலையத்துப் பக்கம் குளம் குட்டை இருந்தால் பறவை வந்து இறங்கும், விமானத்துக்கு ஆபத்து. பறவைக்குத் தண்ணீர் தெரியக் கூடாது என்று மூடிவைத்த பந்து அது.

பாண்டி: (மெதுவாக) நான் பல்லிக்கு மூடுறோம் என்று சொன்னேன். நீங்கதான் விடு என்றீங்க.

சோமு அண்ணன் இதற்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பேசினை எங்கே வைப்பது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பாண்டி: எது எப்படியோ, அவன் செய்தால் விஞ்ஞானம், நாம செய்தால் மீம். அதுதானே, அண்ணே?

சோமு: அதுவும் பொய். அங்கேயும் சும்மா விடவில்லை. 2018-இல் சிலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் செய்யவும் தண்ணீர் செலவாகும் இல்லையா? அந்த வறட்சி முடிவதற்குள் பந்து மிச்சம் பிடித்த தண்ணீரைவிட, பந்தைச் செய்யச் செலவான தண்ணீர் அதிகம் என்று எழுதிவிட்டார்கள்.

பாண்டி: அய்யய்யோ. அப்போ எதைத்தான் செய்கிறது?

சோமு: குஜராத்தில் 2012-லேயே கால்வாய்க்கு மேலே சோலார் பலகையைக் கூரை மாதிரி போட்டார்கள். நிழலுக்கு நிழல், கரண்டுக்குக் கரண்ட். இதையெல்லாம் நான் எந்தக் குரூப்பில் போட்டாலும் ஒருத்தனும் பார்ப்பதில்லை. இரண்டு நீலக் குறிகூட வருவதில்லை. முதலை என்றால் அறுபது பேருக்கு அனுப்புகிறீர்கள்.

பாண்டி கத்தியைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: போன் ரொம்ப நேரமாகச் சத்தமே போடவில்லை. பவுடர் டப்பாவில் அது சோமு அண்ணனுக்கு நேராகச் சாய்ந்திருந்தது.

பாண்டி: அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது.

சோமு: என்ன செய்தாய்?

பாண்டி: நீங்க "பத்து மாதம்" என்று கத்தினீங்களே, அந்த முப்பது செகண்ட் நல்லா வந்திருந்தது. பேசினுக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ரீல்ஸில் போட்டுவிட்டேன்.

சோமு: முகத்தில் நுரையோடா?

பாண்டி: நுரைதான் அண்ணே ஹைலைட்டு. தெர்மாகோல் தாத்தா என்று பேர் போட்டிருக்கேன்.

சோமு: பாண்டி, நான் முப்பத்து மூன்று வருஷம் சர்வீஸில் இருந்தவன். என் பெயரைத் தெருத் தெருவாக... (நிறுத்தி) எத்தனை பேர் பார்த்தார்கள்?

பாண்டி: 212.

சோமு: அதற்குள்ளாகவா?

பாண்டி: கமெண்டும் வந்திருக்கு. "தாத்தா பாயிண்டாப் பேசுறார்." இன்னொருத்தர், "நம்ம ஊர்ப் பெருசுன்னா சும்மாவா."

சோமு: (கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்து) ம். அடுத்தது?

பாண்டி: "எத்தனை ஷீட்டு?"

சோமு: யார் போட்டது அதை?

பாண்டி: படத்தைப் பார்த்தால்... உங்க சம்பந்தி மாதிரி தெரியுது.

கடையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. குப்பி பேசினில் அசையாமல் நின்றது. எனக்குக் கை கடுத்தது.

சோமு: கறுப்புப் பந்து சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கிறதா?

பாண்டி: ஃபேன் சத்தத்தில் ஒன்றும் விளங்கலை, அண்ணே.

சோமு: சரி, ஃபேனை நிறுத்து. தம்பி, பேசினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க, குப்பி தெரியணும். பாண்டி, இந்தக் கன்னத்தில் மறுபடியும் நுரை போடு.

பாண்டி: அதுதான் எடுத்து முடித்தாச்சே, அண்ணே!

சோமு: முதல் வீடியோவில் இரண்டு பக்கமும் நுரை இருக்கிறது. இதில் ஒரு பக்கம் மொழுமொழுவென்று இருந்தால், சம்பந்தி இதையும் ஏஐ என்று சொல்லிவிடுவார்.