மந்திரவாதிக்கு மட்டும் பகடை கிடையாதா?

"டேய், அதுக்குத்தான் ஸ்பெல் (மந்திரம்) இருக்கே!"

லாஸ்பேட்டை மொட்டை மாடியில டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமா பகடை உருட்டி ஆடுற கதை ஆட்டம்) ஆட உட்கார்ந்தாலே யாராவது இதைச் சொல்லிடுறாங்க. கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

எங்க கதை நடக்கிறது பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்துப் புதுச்சேரியில. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் படிச்ச நாள்லேர்ந்து அவர் மாதிரி ஒரு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளனா ஆடணும்னு எனக்கு ஆசை. தமிழ், தெலுங்கு, பிரெஞ்சு, போர்த்துகீசுன்னு பேசுற ஆளை உருவாக்கினேன். 4-வது லெவல்ல சண்டைக்கு உதவுற ஃபீட் (பாத்திரத்துக்குக் கிடைக்கிற தனித்திறமை) எத்தனையோ இருந்தும், கூடுதல் மொழி தர்ற லிங்குவிஸ்ட் எடுத்தேன். கவர்னர் மாளிகைக் கடிதம் ஒண்ணு கைக்கு வந்துச்சு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மந்திரவாதி, எந்த மொழியையும் புரிய வைக்கிற 'காம்ப்ரிஹெண்ட் லாங்வேஜஸ்' போட்டுட்டான். வெறும் முதல் லெவல் மந்திரம். ரிச்சுவலா (சடங்கு மாதிரி நிதானமா) போட்டா, மந்திரத்துக்குன்னு அளவா கிடைக்கிற ஸ்லாட்கூட செலவில்ல, 10 நிமிஷம் கூடுதலா ஆகும், அவ்ளோதான். அப்புறம் நான் எதுக்குங்க அங்க?

அந்த மந்திரம் நேர்ப்பொருளை மட்டும்தான் சொல்லும்னு ரூல் புக்லயே இருக்கு. மரியாதை வார்த்தைக்குள்ள ஒளிச்சு வெச்ச மிரட்டல், யாரைக் குத்திக் காட்டுறான்ங்கிறது, இதெல்லாம் துபாஷிக்குத்தானே பிடிபடணும்? டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) அதைக் கண்டுக்கவே இல்ல. மொத்த ரகசியத்தையும் மந்திரவாதி கையிலயே கொடுத்துட்டாரு.

பூட்டுத் திறக்கிற ரோக் (திருடன் பாத்திரம்) கதியும் இதேதான். 3-வது லெவல்ல டெக்ஸ்டெரிட்டி (கைச்சுறுசுறுப்பு) +3, எக்ஸ்பெர்டீஸ் (தனித் தேர்ச்சி) +4, மொத்தம் +7. டிசி 15 பூட்டுன்னா, அதாவது 20 பக்கப் பகடையில விழுறதோட இதையும் கூட்டி 15 வரணும்னா, பகடையில 7-ஓ அதுக்குக் கீழயோ விழுந்தா திறக்காது. கைதேர்ந்த திருடனுக்கே 20-க்கு 7 தடவை தோல்வி! அதே லெவல் மந்திரவாதி 'நாக்' மந்திரம் போட்டா பகடையே உருட்ட வேண்டாம், பூட்டு திறந்துக்கும். ஆனா 300 அடி வரைக்கும் கேட்கிற மாதிரி டமார்னு சத்தம் வரும்னு அதே புக்ல போட்டிருக்கே! எங்க மேசையில ஒரு காவலாளியாவது எழுந்து வந்தானா? இல்ல. ரோக்குக்கு 5 விழுந்தா மட்டும் மாளிகையே முழிச்சுக்குது.

இதுக்கு ஆட்டத்தை எழுதினவங்களைத் திட்டி என்ன பண்றது? கடிவாளம் போட்டுத்தான் கொடுத்திருக்காங்க, நாமதான் அவிழ்த்து விடுறோம். "கதை வேகமா போகணும்"னு ஒரு சாக்கு வேற. யார் கதை? மந்திரவாதி கதையா?

டிஎம்-களே, அடுத்த ஞாயிறு உங்க மேசையில எவனாவது 'நாக்' போட்டா, அந்தக் காவலாளியைத் தயவுசெஞ்சு எழுப்புங்க.