லி ஆற்றங்கரையிலும் ஓடிபி கேட்கிறார்கள்

சீனாவின் 20 யுவான் நோட்டைத் திருப்பினால் லி ஆறு தெரியும். சுண்ணாம்புக்கல் குன்றுகள், நடுவில் தண்ணீர், அதில் ஒரு தெப்பம். குவாங்சி பகுதியில், யாங்ஷுவோ மாவட்டத்து ஷிங்பிங் ஊரின் ஆற்றங்கரை அது. அங்கே வருகிற எல்லோரும் அந்த நோட்டைத் தூக்கிப் பிடித்து, பின்னால் இருக்கும் மலையோடு கோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன். அப்புறம் தாகம் எடுத்தது. அதே நோட்டை நீட்டிப் பக்கத்துக் கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டேன். கடைக்காரர் நோட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. விரலால் கியூஆர் அட்டையைத் தட்டிக் காட்டினார். ஸ்கேன் பண்ணு.

நோட்டில் அச்சடித்திருக்கிற இடத்திலேயே அந்த நோட்டு செல்லாது என்றால் வேறு எங்கேதான் செல்லும்?

ரொக்கத்தை வாங்க மறுப்பது சட்டப்படி தவறு என்று சீனாவின் மத்திய வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது. அதனால் யாரும் வாயைத் திறந்து மறுப்பதில்லை. "சில்லறை இல்லை" என்கிறார்கள். பொய்யும் இல்லை. ஊரில் யாரும் ரொக்கம் கொடுக்காதபோது கல்லாவில் சில்லறை எப்படி இருக்கும்? பாதிக் கடைகளில் கல்லாவே இல்லை.

"செயலியில் கார்டை இணைத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று உடனே ஒருவர் கிளம்புவார். இணைத்தேன் ஐயா, ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே. அந்த நாடு முழுக்க ஓடுகிற அலிபே, வீசாட் என்ற இரண்டு செயலிகளிலும். 2023-க்குப் பிறகு வெளிநாட்டு கார்டை அவற்றில் சேர்ப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது, உண்மைதான். 200 யுவானைத் தாண்டினால் நூற்றுக்கு மூன்று கட்டணம். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கடைகளுக்கென்று பதிந்த வணிகக் கியூஆர் கோடு வேறு, தனி ஆட்கள் பணம் வாங்கிக்கொள்ளும் கியூஆர் கோடு வேறு. பெரிய ஓட்டலிலும் பல்பொருள் அங்காடியிலும் வணிகக் கோடு இருக்கும், என் கார்டு வேலை செய்யும். சாலையோரத்தில் கூடை வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது தனி ஆள் கோடு. அங்கே என் கார்டு படுத்துக்கொள்ளும்.

ஆக, பணக்கார இடத்தில் பணம் கட்டலாம், ஏழையிடம் முடியாது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு, மலிவாகச் சாப்பிட்டு, கிடைத்ததில் ஏறிச் சுற்ற வந்தவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு யார் செய்து தர முடியும்!

லி ஆற்றின் கிளை ஆறான யூலொங்கின் கரையில் ஒரு பாட்டி பம்பளிமாஸ் விற்றுக்கொண்டிருந்தார். யாங்ஷுவோவில் அந்தப் பழம் பேர்போனது. தோல் உரித்து, சுளை பிரித்து வைத்திருந்தார். கழுத்தில் கயிறு கட்டி கியூஆர் அட்டை தொங்குகிறது. ஸ்கேன் செய்தேன், சிவப்பில் ஏதோ எழுத்து வந்தது. மறுபடியும் செய்தேன். இன்னொரு செயலியைத் திறந்தேன், அதிலும் அதே சிவப்பு. நோட்டை எடுத்தேன். பாட்டி சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், சில்லறை கிடையாது. மீதி வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினேன். அதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. விலைக்கு மேல் ஒரு காசும் வாங்க மாட்டாராம். கடைசியில் பக்கத்தில் நின்றிருந்த ஒரு கல்லூரிப் பெண் தன் கைப்பேசியில் கட்டினாள். நான் நீட்டிய நோட்டை அவளும் வாங்கவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அங்கே இருக்கிற மனிதர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாட்டியும் தங்கம், அந்தப் பெண்ணும் தங்கம். ஆனால் காசை வைத்துக்கொண்டு ஊரார் தயவில் பழம் தின்பதற்கா அவ்வளவு தூரம் போனேன்? அன்று ஒருமுறை என்றால் நல்ல மனிதர்களைச் சந்தித்த கதை. நாள் முழுக்க இதுவே என்றால் கூசுகிறது.

ரயிலில் வந்து இறங்கியதைச் சொல்லவே மறந்துவிட்டேன். குவாங்சோவிலிருந்து வரும் அதிவேக ரயில் 2014 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. நிலையத்தின் பெயர் யாங்ஷுவோ. ஆனால் நிலையம் இருப்பது யாங்ஷுவோ நகரில் இல்லை, ஷிங்பிங் பக்கம். ஊருக்குப் போக மலைகளைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேருந்தில் போக வேண்டும். இதை யாரும் ரயிலுக்குள் சொல்வதில்லை, வெளியே நிற்கும் டாக்சித் தரகர்கள் மட்டும் அன்போடு சொல்கிறார்கள். சரி, நிலம் இருக்கிற இடத்தில்தான் நிலையம் கட்டுவார்கள். இதற்கெல்லாம் நான் கத்தப் போவதில்லை.

கத்த வேண்டியது தங்குமிடத்துக்கு. யூலொங் பக்கம் ஒரு கிராமத்தில் விருந்தினர் இல்லம், ஆன்லைனில் முன்பதிவு உறுதியாகிவிட்டது. இருட்டிய பிறகு பையோடு வாசலில் போய் நிற்கிறேன். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் உரிமையாளர் முகம் மாறிவிட்டது. வெளிநாட்டவரைச் சேர்க்க முடியாதாம். மொழிபெயர்ப்புச் செயலியை என் முகத்துக்கு நேரே நீட்டி மன்னிப்பு கேட்டார். காரணம் எளிது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஓட்டல்காரர் தன் கணினியில் பாஸ்போர்ட் விவரத்தை ஏற்ற வேண்டும். உள்ளூர் அடையாள அட்டை என்றால் கருவியில் வைத்தால் போதும், முடிந்தது. பாஸ்போர்ட் என்றால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். பழக்கம் இல்லாதவர்களுக்கு அது தலைவலி. தலைவலியைத் தவிர்க்க ஆளையே தவிர்த்துவிடுகிறார்கள். இப்படித் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024-இல் அரசே சொல்லிவிட்டது. அந்தச் செய்தி யூலொங் கரை வரை நடந்து வந்து சேரவில்லை போல.

அதிலும் நம்முடைய பெயர் இருக்கிறதே! பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்பா பெயரைத்தான் முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம், குடும்பப் பெயருக்கு எங்கே போவது? படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. நிரப்பினால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்கிறது. மூன்றாவதாக ஒரு ஓட்டலில், பொறுமைசாலியான ஒரு வரவேற்பாளர், என் பெயரையே இரண்டு கட்டத்திலும் இரண்டு முறை தட்டி உள்ளே விட்டார். அந்த ஊரில் காவல்துறைப் பதிவேட்டில் எனக்கு நானே தகப்பன்.

இப்போது தெப்பத்துக்கு வருகிறேன், என் ரத்தக் கொதிப்பு ஏறிய இடம் அதுதான்.

முதலில், லி ஆற்றில் 'மூங்கில் தெப்பம்' என்று ஓடுவது மூங்கில் இல்லை. மூங்கில் மாதிரி வர்ணம் பூசிய பிவிசி குழாய், பின்னால் மோட்டார். யாங்டி என்ற படித்துறையிலிருந்து கிளம்பும் அந்தத் தெப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று ஓடுகிற சத்தத்தில், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அமைதியான ஆறு என்று படத்தில் பார்த்தது படத்தோடு சரி. நிஜ மூங்கிலும் துடுப்புக் கழியும் வேண்டுமென்றால் கிளை ஆறான யூலொங்குக்குப் போக வேண்டும். அங்கே மோட்டார் கிடையாது, அது மட்டும் நல்ல முடிவு.

யூலொங் படித்துறைக்குக் காலையிலேயே போனேன். கண்ணெதிரே தெப்பங்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. தெப்பக்காரர்கள் கழியை ஊன்றி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறார்கள். பயணி நான் இருக்கிறேன், பணமும் இருக்கிறது. ஆனால் ஏற முடியாது. செயலிக்குள் இருக்கிற குட்டிச் செயலியில் நேரம் பிடித்துப் பதிய வேண்டும். திறந்தேன், முழுக்கச் சீன எழுத்து. படம் பிடித்து மொழிபெயர்த்து ஒவ்வொரு பக்கமாகத் தாண்டினேன். கடைசிப் பக்கத்தில் கைப்பேசி எண் கேட்டது. சீனாவின் +86 தவிர வேறு நாட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். என்னிடம் இருந்ததோ வெளிநாட்டு இ-சிம், டேட்டா மட்டும் உண்டு, எண்ணே கிடையாது. அதுவும் இல்லாவிட்டால் கூகுள், வாட்ஸ்அப் எதுவும் அங்கே திறக்காது என்பதால்தான் அதை வாங்கினேன். வீட்டோடு பேச ஒரு சிம், தெப்பத்தில் ஏற ஒரு சிம் என்று வாழ வேண்டியிருக்கிறது.

கவுண்டரில் இருந்தவர் பாவம், தன் எண்ணைப் போட்டு ஓடிபி வாங்கித் தந்தார். அப்போதுதான் அடுத்த குண்டு. ஒரு தெப்பத்தில் இரண்டு இருக்கை. தனியாக வந்தால் இரண்டுக்கும் கட்ட வேண்டும். இன்னொரு தனி ஆளோடு சேர்த்து உட்கார வைக்கலாமே என்றேன். சிஸ்டத்தில் அப்படி ஒரு வழி இல்லையாம். எனக்குப் பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் தனியாகத்தான் நின்றார், அவரும் இரண்டு இருக்கைக்குக் கட்டினார். இரண்டு தெப்பத்தில் இரண்டு ஆள், பக்கத்தில் இரண்டு காலி இருக்கை, நான்கு பேர் கட்டணம். ஆற்றில் கொஞ்ச தூரம் போனதும் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்டோம், வேறென்ன செய்வது.

தண்ணீரில் இறங்கியதும் கோபம் கொஞ்சம் தணிந்தது, மறைப்பானேன். அந்தக் குன்றுகள் அப்படி. சமவெளியிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பை மழைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து மிச்சம் வைத்தவை. தென் சீனக் கார்ஸ்ட் என்று 2007-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது, 2014-இல் யாங்ஷுவோ அடங்கிய குய்லின் பகுதியையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு சின்ன அணையிலும் தெப்பம் சறுக்கி இறங்கும் நொடியில் கரையிலிருந்து கேமரா 'கிளிக்' என்கிறது. இறங்கினால் படம் தயாராக இருக்கிறது. ஸ்கேன்.

நீர்க்காகத்தோடு நிற்கும் தாத்தாக்களையும் பார்த்திருப்பீர்கள், தோளில் கழி, கையில் விளக்கு, விடியலில் மூடுபனி. அவர்கள் பெரும்பாலும் மீன் பிடிக்க வருவதில்லை, படத்துக்கு நிற்க வருகிறார்கள். அதில் தப்பில்லை, மீனைவிட வருமானம் அதில் அதிகம் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். அவருடைய மீன் கூடையிலும் ஒரு கியூஆர் ஒட்டியிருந்தது. தனி ஆள் கோடு. என் கார்டு வழக்கம்போலப் படுத்துக்கொண்டது.

எரிச்சலுக்கு மேல் எரிச்சல் என்னவென்றால், இந்த ஊரை உலகத்துக்குக் காட்டியதே முதுகுப்பைக்காரர்கள்தான். 1980-களில் சீனா கதவைத் திறந்தபோது, குய்லினிலிருந்து படகில் வந்து இறங்கிய வெளிநாட்டு இளைஞர்கள் யாங்ஷுவோவின் மேற்குத் தெருவில் மலிவான அறைகளில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களுக்காகத்தான் அங்கே காப்பிக் கடைகளும் ஆங்கிலப் பலகைகளும் வந்தன. வெளிநாட்டவர் தெரு என்றே அதற்குப் பெயர் விழுந்தது. இன்று அந்தத் தெருவில் இரவு நடந்தால், இஞ்சி மிட்டாயை மரச் சுத்தியலால் அடிக்கும் சத்தம், அடுத்தடுத்த மதுக்கூடங்களின் ஒலிபெருக்கிச் சண்டை, பீர் மீன் குழம்புக்குக் கையைப் பிடித்து இழுக்கும் ஆட்கள். கூட்டம் முழுக்க உள்நாட்டுப் பயணிகள். அவர்கள் ஊர், அவர்கள் ஆறு, அவர்கள் வரட்டும், எனக்கொன்றும் இல்லை. ஆனால் கையில் +86 எண் இல்லாத ஒருவன் இன்னும் வருவான் என்பதை மட்டும் ஏன் அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள்?

நம் ஊரிலும் இதே கதைதான் என்று சொல்ல வருகிறீர்கள், தெரியும். ரயில் டிக்கெட் எடுக்க உள்ளூர் எண் இல்லாமல் தவிக்கும் வெள்ளைக்காரரை நானே சென்ட்ரலில் பார்த்திருக்கிறேன். யூபிஐ இல்லாமல் ஆட்டோக்காரரிடம் அவர் படும் பாடும் தெரியும். ஆனால் நம் டீக்கடையில் பத்து ரூபாய்த் தாளை நீட்டினால் இன்னும் டீ வரும்.

அப்புறம் அந்த 'உள்ளூர் சிம் வாங்கு' கோஷ்டி. வாங்கினேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கடைக்குப் போய், பாஸ்போர்ட் கொடுத்து, முகத்தைப் படம் எடுக்க விட்டு, மறுபடியும் அந்தக் குடும்பப் பெயர்க் கட்டத்தோடு மல்லுக்கட்டி, +86 எண் ஒன்று வாங்கினேன். வெற்றி வீரனாக வெளியே வந்து, சைக்கிள் வாடகைச் செயலியைத் திறந்தேன். எண்ணைப் போட்டேன். ஓடிபி வந்தது! ஓடிபியைப் போட்டேன். அடுத்த பக்கம் திறந்தது. அடையாள அட்டை எண், பதினெட்டு இலக்கம். பாஸ்போர்ட் என்று ஒரு தேர்வே இல்லை. அந்தப் பதினெட்டு இலக்கத்துக்கு நான் சீனாவில் போய்ப் பிறந்துவிட்டுத்தான் வர வேண்டும். இதற்கும் யாராவது ஒரு டிப்ஸ் வைத்திருந்தால் தயவுசெய்து உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள்.